கல்யாணமே பண்ணிக்காத அரவிந்த் கண் ஆஸ்பத்திரி டாக்டர் வி-யோட வாழ்க்கை, குடும்பஸ்தனான ஒரு சின்ன ஊர் சர்ஜனுக்கு ஒத்துவருமா?

கரிசல்மண் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

நான் ஜெனரல் சர்ஜரி எம்எஸ் முடிச்சு ரெண்டு வருஷம் ஆகுது, சென்னைல ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரில ஜூனியர் கன்சல்டன்ட். சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். எங்கப்பாவும் சர்ஜன்தான், 31 வருஷமா பத்து பெட் வச்ச ஒரு நர்சிங் ஹோமை தனியாளா நடத்துனாங்க. போன மாசி மாசம் தவறிட்டாங்க.

துட்டி கேக்க வந்த கூட்டத்துல பாதிப் பேரை எனக்கு யாருன்னே தெரியாது. வந்தவங்க அழுததை விட என்னை உலுக்குனது வேற ஒண்ணு. ஒரு அறுபது வயசு ஆளு என் முன்னாடி நின்னுக்கிட்டு சட்டையத் தூக்கி வயித்துல இருந்த தழும்பைக் காமிச்சு "இது உங்கப்பா போட்ட தையலு தம்பி"ன்னாரு. அவரைப் பாத்து பக்கத்துல இருந்தவரும் வேட்டியை லேசா இறக்கி ஹெர்னியா தழும்பைக் காமிச்சாரு, அப்புறம் இன்னொருத்தர், அப்படியே அஞ்சாறு பேரு. அந்த இடத்துல எங்கப்பா படம் மாட்டி இருக்கறதை விட அந்த வயிறுகள்லதான் அவங்க இருக்காங்கன்னு தோணுச்சு.

ஆனா இதையும் சொல்லணும். என் ஸ்கூல் ஆண்டு விழா ஒண்ணுக்கு கூட அப்பா வந்ததில்ல. தங்கச்சி கல்யாணத்துல முகூர்த்தத்துக்கு கால் மணி நேரம் முன்னாடி போன் வந்து, தாலி கட்டுன உடனே கிளம்பிப் போயிட்டாங்க. அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்ல, ஆனா எனக்கு அந்த காலி நாற்காலி இன்னும் ஞாபகம் இருக்கு.

இப்ப நர்சிங் ஹோம் பூட்டிக் கிடக்கு, சாவி அப்பாகிட்ட 28 வருஷம் இருந்த கம்பவுண்டர் அண்ணாச்சிகிட்ட. ஊர்ல எல்லாரும் "நீ வந்து நடத்து"ங்கறாங்க. என் வீட்டம்மா சாஃப்ட்வேர்ல இருக்காங்க, பொண்ணுக்கு நாலு வயசு.

சின்ன வயசுல இருந்து எங்க பக்கம் படிக்கற எந்தப் பையனுக்கும் சொல்ற ஒரே பேரு வெங்கடசாமி டாக்டர், மதுரைல அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சவரு, டாக்டர் வி-ன்னு சொல்வாங்க. எட்டயபுரம் பக்கத்துல அயன் வடமலாபுரம்தான் அவர் ஊரு, எங்க ஊருக்கும் அதுக்கும் ரொம்ப தூரமில்ல. அப்பாவும் அடிக்கடி அவரைப் பத்தி சொல்லுவாங்க. என் சந்தேகம் இதுதான்: அவரு கல்யாணமே பண்ணிக்கல. முழு நேரத்தையும் குடுத்தாரு. பொண்டாட்டி புள்ள இருக்கறவன் அவரைப் பாத்து கத்துக்க என்ன இருக்கு? இல்ல எங்கப்பா மாதிரி வீட்டை விட்டுக்குடுத்துதான் இதைப் பண்ண முடியுமா? மதுரைப் பக்கம் இருக்கறவங்க, அவரை அறிஞ்சவங்க, சின்ன ஊர்ல பிராக்டிஸ் பண்றவங்க எல்லாரும் சொல்லுங்க.

---

வடக்குமாசிவீதி எழுதியது:

தம்பி, முதல்ல அப்பாவுக்கு என் அஞ்சலி. அந்த தழும்பு விஷயத்தைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் வேற வேலை ஓடல.

உங்க கேள்விலயே ஒரு தப்பு இருக்கு. அவரு கல்யாணம் பண்ணிக்கல, அது நிஜம். ஆனா குடும்பம் இல்லாத ஆளுன்னு நினைச்சுட்டீங்களே, அதுதான் தப்பு. நான் பாத்த வரைக்கும் அவரை மாதிரி குடும்பஸ்தர் மதுரைல கிடையாது.

1918 அக்டோபர் 1ம் தேதி பொறந்தவரு, விவசாயக் குடும்பம், வீட்டுக்கு மூத்த புள்ள. எருமை மேய்ச்சுட்டு பள்ளிக்கூடம் நடந்து போன காலம், நோட்டு பென்சில் இல்லாம ஆத்து மணலைப் பரப்பி அதுல விரலால எழுதிப் பழகுனவரு. ஏன் டாக்டர் ஆனாருன்னா, சொந்தத்துல மூணு பொம்பளைங்க பிரசவ நேரத்துல அடுத்தடுத்து செத்துப் போனாங்க, ஊர்ல டாக்டர் இல்ல. அதனால பிரசவ டாக்டர் ஆகணும்னுதான் ஆசை. இங்க அமெரிக்கன் காலேஜ்ல படிச்சு, மெட்ராஸ் ஸ்டான்லில 1944ல டாக்டர் படிப்பை முடிச்சு, ராணுவத்துல சேந்தாரு. அங்கதான் வந்துச்சு முடக்குவாதம். முப்பது வயசு இளவட்டம், ஒரு வருஷத்துக்கு மேல ஆஸ்பத்திரிப் படுக்கை, கை விரல் எல்லாம் கோணிப் போச்சு, கால்ல நிக்க முடியல. பிரசவம் பாக்கற கனவு அதோட போச்சு.

அந்த விரலை வச்சுக்கிட்டு மனுஷன் கண் டாக்டருக்குப் படிக்கப் போனாரு. யோசிச்சுப் பாருங்க, கண்ணுல கத்தி வைக்கற வேலை. பேனா பிடிக்கவே கஷ்டப்பட்ட கை, கத்தி பிடிக்க தனியாப் பழகுச்சு. அந்தக் கையாலதான் வாழ்நாள்ல ஒரு லட்சத்துக்கு மேல கண் ஆபரேஷன், சில நாள் ஒரே நாள்ல நூறு.

1956ல மதுரை மெடிக்கல் காலேஜுக்கு கண் பிரிவு தலைவரா வந்தாரு, பெரியாஸ்பத்திரில (அப்ப எர்ஸ்கின் ஆஸ்பத்திரி) இருபது வருஷம். எங்க பாட்டிக்கு அங்கதான் அவரு ஆபரேஷன் பண்ணாரு, நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போன சின்னப் பையன். கோணிப்போன அந்த விரலைப் பாத்து நான் பயந்தது ஞாபகம் இருக்கு. வைட்டமின் ஏ சத்து இல்லாம கண்ணு போற குழந்தைகளுக்கு 1971ல தனியா ஒரு சத்துணவு மையம் ஆரம்பிச்சாரு, ஊர் ஊரா கண் முகாம் போட்டாரு, 1973ல பத்மஸ்ரீ. இதெல்லாம் கவர்மெண்ட் வேலைல இருக்கும்போதே.

இப்ப குடும்பத்துக்கு வரேன். அப்பா போன பிறகு தம்பி தங்கச்சிங்களுக்கு அவருதான் அப்பா. படிக்க வச்சது, கரையேத்துனது எல்லாம் அவரு. கடைசித் தங்கச்சி நாச்சியாருக்கும் அவருக்கும் இருபது வயசுக்கு மேல வித்தியாசம், அந்தம்மா கண் டாக்டர், அவங்க வீட்டுக்காரர் நம்பெருமாள்சாமி கண் டாக்டர். தம்பி சீனிவாசன் இன்ஜினியர். 1976ல 58 வயசுல ரிடையர் ஆகி, எல்லாரும் பேரப்பிள்ளைங்களக் கொஞ்சற வயசுல, 11 பெட் போட்டு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சப்ப கூட நின்னது இவங்கதான். பேங்குல கடன் கிடைக்கல. வீட்டை அடமானம் வச்சாங்க, வீட்டுப் பொம்பளைங்க நகையைக் கழட்டிக் குடுத்தாங்க. கட்டடம், கணக்கு வழக்கு தம்பி, ஆபரேஷன் தங்கச்சியும் மாப்பிள்ளையும்.

உங்கப்பா தனியா நின்னாங்க தம்பி. அவரு தனியா நிக்கல. எனக்குத் தெரிஞ்ச வித்தியாசம் அவ்வளவுதான்.

---

கத்தியும்நூலும் எழுதியது:

நானும் ஜெனரல் சர்ஜன்தான், திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன டவுன், 17 வருஷ பிராக்டிஸ். மேல அண்ணன் எழுதுனது அத்தனையும் உண்மை, டாக்டர் வி மேல எனக்கு இருக்கற மரியாதை கொஞ்சநஞ்சமில்ல. ஆனா அவரைப் பாத்து நம்ம துறைக்காரன் அப்படியே காப்பி அடிக்கப் போனா விழுந்துருவான், அதைச் சொல்லலைன்னா இந்தப் புள்ளைக்கு நான் துரோகம் பண்ண மாதிரி.

கண் புரை ஆபரேஷன் எப்படிப்பட்டது? நோயாளி நடந்து வராரு, கண்ணுக்கு மட்டும் மரப்பு ஊசி, கை தேர்ந்த ஆளுக்கு பத்து நிமிஷத்துக்குள்ள முடியும், ரத்தம் ஏத்த வேண்டியதில்ல, இன்னைக்கு பண்ணாலும் அடுத்த வாரம் பண்ணாலும் உயிருக்கு ஆபத்தில்ல. ஒவ்வொரு கேஸும் கிட்டத்தட்ட முந்தின கேஸ் மாதிரியே இருக்கும். அதனாலதான் அதை வரிசை கட்டி நடத்த முடியுது. நம்ம வேலை அப்படியா? ராத்திரி ரெண்டு மணிக்கு அல்சர் ஓட்டை விழுந்து பலகை மாதிரி வயித்தோட ஒருத்தன் வருவான், அவனுக்கு மயக்க டாக்டர் வேணும், ரத்தம் வேணும், ஐசியூ வேணும். மயக்க டாக்டர் முப்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊர்ல சிசேரியன்ல நிப்பாரு. உங்கப்பா கல்யாண மண்டபத்துல இருந்து ஓடுனதுக்குக் காரணம் இதுதான். பாசம் இல்லாம போகல தம்பி, அவங்களுக்குப் பதிலா அந்த டவுன்ல நிக்க இன்னொரு ஆள் கிடையாது.

இன்னொண்ணு, கேஸ் கெட்டுப்போனா இப்ப முன்ன மாதிரி இல்ல. என் தியேட்டர் கண்ணாடியை ஒரு தடவை உடைச்சுட்டாங்க. 2008லயே தமிழ்நாட்டுல ஆஸ்பத்திரிப் பாதுகாப்புக்கு சட்டம் வந்தாச்சு, இருந்தாலும் ராத்திரி ஒரு மணிக்கு வாசல்ல நூறு பேர் நிக்கும்போது நீங்களும் வாட்ச்மேனும் மட்டும்தான்.

அப்ப போக வேண்டாமான்னா, போங்க, ஆனா எல்லாத்தையும் பண்றேன்னு போகாதீங்க. கனடால ஷோல்டைஸ்னு ஒரு ஆஸ்பத்திரி, 1945ல இருந்து ஹெர்னியா மட்டும்தான் பண்றாங்க. வேற எதுவும் எடுக்கறதில்ல, உலகம் பூரா பேரு. டாக்டர் வி-யும் அதே மாதிரிதான், எல்லாக் கண் நோயும் பாத்தாலும் கண்ணு தெரியாம போறதுக்கு பெரிய காரணம் புரைதான்னு புரிஞ்சுக்கிட்டு அதை இறுக்கிப் பிடிச்சாரு. நீங்களும் ஹெர்னியா, மூலம், சுகர் புண்ணு, கட்டி, ஓதம்னு திட்டமிட்டு பகல்ல பண்ணக்கூடியதை மட்டும் எடுங்க, எமர்ஜென்சியை முதலுதவி பண்ணி பக்கத்து கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு வைங்க. அப்பாவைத் தெரிஞ்ச ஜனம் முதல்ல கோவிச்சுக்கும். தாங்கிக்கணும்.

---

சிலேட்டுப்பலகை எழுதியது:

ஆஸ்பத்திரி ஆளு இல்ல நான், வாத்தியார். ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன்.

எங்க ஆச்சிக்கு எண்பதுகள்ல முகாம்ல கண் ஆபரேஷன். அப்பல்லாம் உள்ள லென்ஸ் வைக்க மாட்டாங்க, புரையை எடுத்துட்டு சோடாபுட்டி கண்ணாடி குடுப்பாங்க. அந்தக் கண்ணாடியைப் போட்டா ஆச்சிக்கு நேரா இருக்கறது மட்டும் பெருசாத் தெரியும், ஓரத்துல எதுவும் தெரியாது, படி இறங்க பயப்படும். ஒரு நாள் ஆடு முட்டி கண்ணாடி உடைஞ்சுது. அவ்வளவுதான், ஆபரேஷன் பண்ண கண்ணு நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆச்சி மறுபடியும் குருடு. புதுக் கண்ணாடி வாங்க டவுனுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் இல்லாம நாலு மாசம் சுவரைத் தடவிக்கிட்டே இருந்துச்சு.

பணக்காரங்களுக்கு அப்பவே கண்ணுக்குள்ள லென்ஸ் வச்சாங்க, வெளிநாட்டு லென்ஸ், ஒண்ணு நூறு டாலருக்கு மேல. ஏழைக்கு கண்ணாடி போதும்னு பெரிய பெரிய ஆளுங்களே சொன்ன காலம். அரவிந்த்ல அதை ஒத்துக்கல. 1992ல மதுரைலயே ஆரோலேப்னு லென்ஸ் செய்யற இடத்தை ஆரம்பிச்சு, விலையைப் பத்து டாலர் பக்கம் கொண்டு வந்து, அப்புறம் அதுக்கும் கீழ இறக்குனாங்க. இப்ப நூறு நாட்டுக்கு மேல போகுது.

எங்க அம்மாவுக்கு 2004ல லென்ஸ் வச்சு ஆபரேஷன். ஆச்சி பட்ட பாடு அம்மாவுக்கு இல்ல, ஊசில நூல் கோத்துச்சு. ஒரு சர்ஜன் விட்டுட்டுப் போறது என்னன்னு கேட்டா எனக்கு அந்த நூல்தான் ஞாபகம் வருது.

---

தேனிக்காரி எழுதியது:

நான் டாக்டர் இல்ல, நர்சும் இல்ல, அரவிந்த் கண் ஆஸ்பத்திரில சிஸ்டரா இருந்தவ, அங்கயே டிரெய்னிங் குடுத்து எடுக்கற உதவியாளரை அப்படித்தான் கூப்பிடுவோம். எங்க மாதிரி ஆளுங்களைப் பத்தி யாரும் எழுதலை, அதான் எழுதறேன். தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க, நிறைய எழுதிப் பழக்கமில்ல.

பிளஸ் டூ முடிச்ச உடனே சேந்தேன். எங்க ஊர்ல அப்ப பிளஸ் டூ முடிச்ச பொண்ணுக்கு அடுத்து மாப்பிள்ளை பாக்கறதுதான், வேற பேச்சே இல்ல. கிராமத்துப் பொண்ணுங்களாப் பாத்து எடுத்து ரெண்டு வருஷம் டிரெய்னிங் குடுப்பாங்க, கையில உதவித்தொகையும் வரும். சேக்கும்போது மார்க்கை விட வீட்ல என்ன பண்றாங்க, பொண்ணு எப்படிப் பழகும்னுதான் நிறையக் கேட்டாங்க. எங்க அப்பா அம்மாவையும் வரச் சொல்லிப் பேசுனாங்க. நாச்சியார் மேடம்தான் இந்த டிரெய்னிங்கை எல்லாம் வளத்தவங்க.

தியேட்டர்ல எப்படின்னா, ஒரு டாக்டருக்கு ரெண்டு டேபிள். ஒரு டேபிள்ல டாக்டர் ஆபரேஷன் பண்ணிட்டு இருக்கும்போதே அடுத்த டேபிள்ல அடுத்த பேஷன்ட்டைப் படுக்க வச்சு கண்ணைச் சுத்தம் பண்ணி துணி மூடி நாங்க ரெடியா வச்சுருவோம். முடிச்ச உடனே டாக்டர் மைக்ராஸ்கோப்பை இந்தப் பக்கம் திருப்பி அடுத்ததை ஆரம்பிச்சுருவாங்க. சாமான் எடுத்துக் குடுக்கற சிஸ்டரு தனி, சுத்தம் பண்ற சிஸ்டரு தனி, பேஷன்ட்டை நடத்திக் கூட்டிட்டு வர்ற சிஸ்டரு தனி. கண் அளவு பாக்கறது, பிரஷர் பாக்கறது, ஆபரேஷனுக்கு முன்னாடி பயப்படறவங்ககிட்ட பேசறது எல்லாம் நாங்க. டாக்டர் மட்டும்தான் பண்ண முடியும்ங்கற வேலையை மட்டும்தான் டாக்டர் பண்ணுவாங்க. அதனாலதான் அத்தனை பேருக்கு பண்ண முடிஞ்சுது.

முகாமுக்கும் போயிருக்கேன். முதல்ல எல்லாம் ஆபரேஷன் இலவசம்னு சொன்னா போதும், வந்துருவாங்கன்னு நினைச்சாங்களாம், வரலை. ஏன்னு பாத்தா கூலி போயிரும், கூட வர ஆள் இல்ல, பஸ்ஸுக்குக் காசில்ல, சோத்துக்கு என்ன பண்றதுன்னு தெரியல, பயம் வேற. அதனால முகாம்ல பாத்து ஆபரேஷன் வேணும்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி பஸ்ல ஏத்திக் கூட்டிட்டு வந்து, சோறு போட்டு, பாய் குடுத்து, ஆபரேஷன் முடிச்சு, திரும்ப ஊர்லயே கொண்டு போய் விட்ருவாங்க. ஒரே ஊர்க்காரங்களாச் சேந்து வர்றதால பயமும் தெரியாது. காசு கட்டறவங்க கட்டற பணத்துலதான் இதுவும் ஓடுது. பாதிக்கு மேல இலவசம், இல்லைன்னா கொஞ்சமா காசு வாங்கிக்கறது.

பெரிய டாக்டர் ஐயாவை நான் பாக்கும்போது அவங்களுக்கு எண்பது வயசுக்கு கிட்ட. ஆபரேஷன் எல்லாம் நிறுத்திட்டாங்க. மெல்ல நடந்து வருவாங்க, எந்த வேலை பண்ற பொண்ணா இருந்தாலும் நின்னு ஒரு வார்த்தை பேசுவாங்க. என்கிட்ட எந்த ஊரும்மான்னு கேட்டாங்க. சொன்னேன். அந்த ஊர்ல தண்ணி எப்படி, மழை உண்டான்னு கேட்டாங்க. கண்ணைப் பத்தி ஒண்ணும் கேக்கல.

நாலு வருஷம் கழிச்சு கல்யாணம் ஆகி வந்துட்டேன். இப்ப எங்க ஊர்ல ஒரு கண்ணாடிக் கடைல கண் அளவு பாக்கறேன். எங்க வீட்ல முதல் சம்பளம் வாங்குன பொண்ணு நான்தான். என் பொண்ணு இப்ப பிஎஸ்சி ஆப்டோமெட்ரி படிக்குது.

டாக்டர் தம்பி, அந்த நர்சிங் ஹோமைத் திறந்தீங்கன்னா ஊர்ப் பொண்ணுங்களை எடுத்து ஒழுங்கா சொல்லிக் குடுங்க. சும்மா பேருக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி விடாதீங்க.

---

கிழக்குவாசல் எழுதியது:

தேனி அக்கா எழுதுனதை மூணு தடவை படிச்சேன்.

நான் ஒரு சர்ஜன் வீட்டுக்காரி. பத்தொன்பது வருஷம். இந்த டாக்டர் வி பத்தி பேசும்போது எல்லாரும் அவர் கை விரலைப் பத்தி, தியாகத்தைப் பத்தி எழுதறாங்க, எழுதட்டும், எழுத வேண்டிய மனுஷர்தான். ஆனா அந்த நகையைக் கழட்டிக் குடுத்தவங்களைப் பத்தி ஒரு வரிதான் வருது. கவர்மெண்ட் உத்தியோகத்துல நிம்மதியா இருக்கக்கூடிய ஒரு பொம்பளை டாக்டர், புள்ளைங்களை வச்சுக்கிட்டு, அண்ணன் ஆரம்பிக்கறாருன்னு வந்து விடிகாலைல இருந்து ராத்திரி வரைக்கும் ஆபரேஷன் பண்றதுன்னா அது லேசுப்பட்ட விஷயமா? அண்ணன் அப்பா ஸ்தானத்துல இருக்காரு, முடியாதுன்னு எதிர்த்துச் சொல்லவும் முடியாது. அந்த வீட்ல எல்லாரும் மனசார வந்தாங்க, மூணு தலைமுறையா டாக்டரா, இன்ஜினியரா, மேனேஜரா அதுக்குள்ளயே வளந்து நிக்கறாங்க, அதனால இன்னைக்கு அது பெருமையா இருக்கு. எல்லா வீட்லயும் அப்படி வராது.

எங்க வீட்ல நடந்ததைச் சொல்றேன். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர், கைராசிக்காரர். என்னைக் கேக்காமலே கீழ ஆஸ்பத்திரி மேல வீடுன்னு கட்டுனாரு. அன்னையில இருந்து நான் சம்பளம் இல்லாத மேனேஜர், சமையல்காரி, ராத்திரி கேட்டைத் திறக்கறவ. பெரியவன் பத்தாவது பரிட்சைக்குப் படிச்சது வார்டுல அழுகற சத்தத்துக்கு நடுவுல. நான் எம்காம் படிச்சவ, பேங்க் பரிட்சை பாஸ் பண்ணி வேலைக்குப் போகாம விட்டவ. இதுல அவர் மேல எனக்குக் கோபமா வருத்தமான்னு எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல, ரெண்டும் இருக்கு, அவர் பேரைச் சொல்லி யாராவது கும்பிட்டா பெருமையும் வருது.

அதனால கரிசல்மண் தம்பி, நீங்க கேட்ட கேள்வில ஒரு ஆளு விட்டுப்போச்சு. கம்பவுண்டர் அண்ணாச்சி என்ன நினைக்கறாருன்னு இருக்கு, ஊர் என்ன சொல்லுதுன்னு இருக்கு. உங்க வீட்டம்மா என்ன சொல்றாங்கன்னு எங்கயும் இல்லையே. அவங்க வேலை என்ன ஆகும், வீட்ல இருந்தே பண்ணலாமா, பொண்ணு எந்த ஸ்கூல், உங்கம்மா யார்கூட இருப்பாங்க, இதையெல்லாம் அவங்களை உக்கார வச்சுப் பேசுங்க. உங்க முடிவைச் சொல்றதுக்காகப் பேசாதீங்க. முடிவெடுக்கறதுக்கு முன்னாடியே பேசுங்க.

---

வடக்குமாசிவீதி எழுதியது:

கிழக்குவாசல் அம்மா, நீங்க சொன்னது நியாயம். நகையைப் பத்தி நானும் ஒரே வரிலதான் எழுதிட்டுப் போயிட்டேன். திரும்பப் படிக்கும்போது உறுத்துது.

கத்தியும்நூலும் டாக்டருக்கு ஒண்ணு. நீங்க சொன்ன மாதிரி புரை ஆபரேஷனும் வயித்து ஆபரேஷனும் ஒண்ணில்ல, ஒத்துக்கறேன். ஆனா அவரு கிட்ட இருந்து எடுத்துக்க வேண்டியது அந்த வரிசை மட்டும் இல்லைங்க. அவரு மெக்டொனால்ட்ஸ் கடையைப் பாத்து, எந்த ஊர்ல போனாலும் ஒரே தரத்துல குடுக்கறானே, சாதாரணப் புள்ளைங்களைப் பழக்கியே அதைப் பண்றானேன்னு யோசிச்சவரு. தான் ஒருத்தன் கையை நம்பி அந்த ஆஸ்பத்திரி இருக்கக் கூடாதுன்னு ஆரம்பத்துலயே முடிவு பண்ணிட்டாரு. எனக்கென்னவோ, அந்த வாதநோய்தான் அதைக் கத்துக் குடுத்துருக்கும்னு தோணும். தன் கை என்னைக்கு வேணா நின்னு போகும்னு முப்பது வயசுல இருந்து தெரிஞ்ச மனுஷன்.

தேனி 1985, திருநெல்வேலி 1988, கோயம்புத்தூர் 1997, பாண்டிச்சேரி 2003ன்னு அவரு இருக்கும்போதே அரவிந்த் பல ஊர்ல கிளை விட்டு வளந்துருச்சு. 2006 ஜூலை 7ம் தேதி 87 வயசுல இறந்தாரு. நான் அன்னைக்கு மதுரை அண்ணாநகர்ல அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் போயிருந்தேன், அவ்வளவு கூட்டம். ஆனா அடுத்த ஆபரேஷனுக்கு ஆள் இல்லைங்கற நிலைமை அங்க வரலை.

உங்கப்பா நர்சிங் ஹோம் பூட்டிக் கிடக்குன்னு எழுதுனீங்களே தம்பி, அங்கதான் என் மனசு நிக்குது. உங்கப்பா கை சளைச்ச கை இல்ல, தழும்பைக் காமிச்சு வந்தவங்களே சாட்சி. அவங்க கூட இன்னொரு கை இல்ல.

---

கரிசல்மண் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நாலு நாளா பதில் போடாததுக்கு மன்னிச்சுக்கோங்க, ஊருக்குப் போயிருந்தேன்.

கிழக்குவாசல் அக்கா, நீங்க எழுதுனதை அப்படியே என் வீட்டம்மாகிட்ட போனைக் குடுத்து படிக்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் கேட்டாங்க, "உங்க அம்மாகிட்ட எப்பவாவது இதைக் கேட்ருக்கீங்களா"ன்னு. கேட்டதில்ல. ஊருக்குப் போய் அம்மாகிட்ட கேட்டேன், அந்த நாற்காலியைப் பத்தி. அம்மா அடுப்படியில இருந்து வெளிய வராமலே, "கல்யாணத்தன்னைக்கு அப்பா போனது மேலத்தெரு புள்ளத்தாச்சிக்கு. இப்ப அந்தப் பொண்ணு காய்கறிக் கடை வச்சிருக்கு, என்கிட்ட காசு வாங்காது, நானும் வம்படியா குடுத்துட்டு வருவேன்"ன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல. அது கோபம் இல்லைங்கறதா, கோபம் ஆறிடுச்சுங்கறதான்னு எனக்குப் பிடிபடல.

கம்பவுண்டர் அண்ணாச்சியைப் பாத்தேன். நர்சிங் ஹோம் பூட்டுன நாள்ல இருந்து ஒரு நாப்பது பக்க நோட்டு வச்சிருக்காரு. வாசல் வரைக்கும் வந்து பூட்டைப் பாத்துட்டுத் திரும்பிப் போனவங்க பேரு, ஊரு, என்ன தொந்தரவு, எங்க அனுப்பி வச்சாருன்னு தேதி போட்டு எழுதி வச்சிருக்காரு. யாரும் சொல்லல அவருக்கு. உக்காந்து எண்ணிப் பாத்தேன், 163 பேரு. அதுல ராத்திரி அவசரமா வந்தவங்க 11 பேருதான். மிச்சம் முக்கால்வாசி கத்தியும்நூலும் சார் சொன்ன லிஸ்டுதான், ஹெர்னியா, மூலம், சுகர் புண்ணு, கழுத்துல கட்டி. சார், அதைப் பாத்த உடனே உங்களைத்தான் நினைச்சேன்.

இப்போதைக்கு வீட்ல பேசி வச்சிருக்கறது இதுதான். சென்னை வேலையை உடனே விடல. வாரத்துல வெள்ளி சனி ரெண்டு நாள் மட்டும் நர்சிங் ஹோமைத் திறந்து, பகல் ஆபரேஷன் மட்டும், ஆறு மாசம் பாக்கறது. எமர்ஜென்சி எடுக்கறதில்ல, போர்டுல பெருசா எழுதி வைக்கறது. வீட்டம்மா கணக்கு வழக்கு, கம்ப்யூட்டர் பதிவு எல்லாம் சென்னைல இருந்தே பாத்துக்கறேன்னு அவங்களாவே சொன்னாங்க, ஆனா சம்பளம் போட்டுத்தான் பண்ணுவேன்னுட்டாங்க. சரின்னுட்டேன். தேனி அக்கா சொன்ன மாதிரி ரெண்டு பொண்ணுங்களை எடுக்கலாம்னு இருக்கோம், அண்ணாச்சி மகள் வழி பேத்தி ஒண்ணு நர்சிங் டிப்ளமா முடிச்சிருக்கு.

ஒரே இடத்துல முட்டி நிக்குது. மயக்க டாக்டர். அப்பாவுக்கு வழக்கமா வந்தவங்களுக்கு வயசாயிடுச்சு, வர முடியாதுன்னுட்டாங்க. சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி, எட்டயபுரம் இந்த வட்டாரத்துல வெள்ளி சனி வரக்கூடிய அனஸ்தடிஸ்ட் யாரையாவது தெரிஞ்சா சொல்லுங்க. ரேட்டு நியாயமா குடுத்துருவேன். வரவங்களைப் பங்குதாரராவே வச்சுக்கக் கூட தயார்.

---

சிலேட்டுப்பலகை எழுதியது:

என்கிட்ட படிச்ச பொண்ணு ஒண்ணு மயக்கவியல் முடிச்சுட்டு கல்யாணம் ஆகி சாத்தூர்ல இருக்கு. குழந்தை பொறந்ததுனால ராத்திரி டியூட்டி முடியாதுன்னு ஒரு வருஷமா வேலைக்குப் போகாம வீட்ல இருக்கு. பகல் மட்டும்னா வருமான்னு கேட்டுப் பாக்கறேன். நாளைக்கு சாயங்காலம் மெசேஜ் பண்றேன், பாருங்க.